இரவு 11.30 மணியும் ஒன்றரைப் பத்தியும்: கல்வி நேர்மைக்கு ஓர் அறிமுகம்

நாளை காலை 9 மணிக்குக் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். இப்போது இரவு 11.30. எழுதியிருப்பது தலைப்பும் ஒன்றரைப் பத்தியும். வகுப்புத் தோழன் தான் முடித்துவிட்ட கோப்பை அனுப்பியிருக்கிறான், 'சும்மா பாத்துக்கோ' என்று ஒரு வரி சேர்த்து. இணையத்தில் இதே தலைப்பில் பத்துக் கட்டுரைகள் திறந்து கிடக்கின்றன. கேட்டால் அரை நிமிடத்தில் முழுக் கட்டுரையையும் எழுதித் தருகிற செயலியும் கையிலேயே இருக்கிறது.

கல்லூரியில் சேர்ந்த பெரும்பாலானோருக்கு இப்படி ஓர் இரவு வரும். கல்வி நேர்மை பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அந்த இரவில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்றுதான் சொல்வார்கள். என் கட்சி வேறு. அந்த நேரத்து முடிவில் பாதி, மூன்று வாரத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. குறிப்பு எடுத்த விதம், சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டது, தேதியைக் கவனிக்காமல் விட்டது எல்லாம் சேர்ந்துதான் உங்களை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கின்றன. ஆகவே திருட்டைப் பற்றிச் சொல்வதோடு கொஞ்சம் நோட்டுப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

முதலில் பொருள். உங்கள் பெயரைப் போட்டுக் கொடுக்கிற வேலையில் எது உங்களுடையது, எது பிறருடையது என்பது படிப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். கல்வி நேர்மையின் சாரம் இவ்வளவுதான். பிறர் கருத்தை எடுக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எடுக்காமல் ஆய்வே நடக்காது. எடுத்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும். டொனால்ட் மெக்கேப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1992-ல் தொடங்கிய கல்வி நேர்மை மையம், பின்னாளில் இதற்கு அடிப்படையாக ஐந்து பண்புகளைச் சொன்னது: உண்மை, நம்பிக்கை, நியாயம், மரியாதை, பொறுப்பு. 2014-ல் ஆறாவதாகத் துணிச்சலையும் சேர்த்தார்கள். அந்த ஆறாவதுதான் எனக்குப் பிடித்தது. 'எனக்கு இது புரியவில்லை' என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

எவையெல்லாம் மீறல்?

தேர்வில் பிட் வைப்பது, பக்கத்து ஆளின் தாளைப் பார்ப்பது, ஒருவருக்குப் பதில் இன்னொருவர் தேர்வெழுதுவது ஆகியவை தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். விளக்கம் தேவைப்படுவது, தவறு என்றே தோன்றாத சில பழக்கங்களுக்கு.

ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை செய்கிறீர்கள். புத்தகத்தில் 9.8 என்று இருக்கிறது, உங்களுக்கு 8.9 வந்திருக்கிறது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்கேற்ற அளவீடுகளை ரெக்கார்டில் எழுதிவிடுகிறீர்கள். வகுப்பில் பாதிப் பேர் அதையே செய்வதால் இது குற்றமாகவே படுவதில்லை. ஆனால் இதன் பெயர் தரவைப் புனைவது. 2011-ல் நெதர்லாந்தில் டீடெரிக் ஸ்டாப்பெல் என்ற சமூக உளவியல் பேராசிரியர் பல ஆண்டுகளாகத் தன் ஆய்வுத் தரவுகளைக் கற்பனையாகவே உருவாக்கி வந்தது வெளிப்பட்டு, வேலையை இழந்தார். அவருடைய பல ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. உங்கள் ரெக்கார்டும் அவர் செய்ததும் ஒரே அளவு குற்றம் இல்லைதான். ஆனால் இரண்டுக்கும் வித்து ஒன்று: கிடைத்ததை எழுதாமல், கிடைத்திருக்க வேண்டியதை எழுதுவது. 8.9 என்றே எழுதி, ஏன் அப்படி வந்திருக்கலாம் என்று இரண்டு வரி சேர்த்தால், நல்ல ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார். குறைக்கிற ஆசிரியரும் இருக்கிறார், மறுக்கவில்லை.

அடுத்தது, போன செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு எழுதிய கட்டுரையையே தூசி தட்டி இந்தப் பாடத்துக்கும் கொடுப்பது. 'என் எழுத்தை நானே திருட முடியுமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இங்கே பிரச்சினை திருட்டு அன்று; புதிதாகச் செய்த வேலை என்று ஆசிரியரை நம்ப வைப்பது. முன்கூட்டியே கேட்டால் பலர் சம்மதித்துவிடுவார்கள்.

இவற்றையெல்லாம்விடக் குழப்பமானது, சேர்ந்து செய்வது. 2012-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கு வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு வைத்தார்கள். புத்தகம், குறிப்பு, இணையம் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் இன்னொருவரோடு கலந்து பேசக் கூடாது. விடைத்தாள்களைத் திருத்தியபோது ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பகுதிகள் தென்பட, சுமார் 125 மாணவர்கள் விசாரணைக்கு உள்ளானார்கள். முடிவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சிறிது காலம் கல்லூரியை விட்டு விலகியிருக்க வேண்டியதாயிற்று. எதையும் பார்க்கலாம் என்ற விதியைப் படித்தவர்கள், யாரிடமும் பேசக் கூடாது என்ற விதியை அதே கவனத்தோடு படிக்கவில்லையோ என்னவோ.

சேர்ந்து படிப்பது நல்ல பழக்கம், அதை விட வேண்டியதில்லை. கணக்கை எப்படித் தொடங்குவது என்று நான்கு பேர் கூடிப் பேசலாம். ஆனால் எழுத உட்காரும்போது தனித்தனியாக, அடுத்தவர் தாள் கண்ணில் படாமல் எழுத வேண்டும். பேசியது மண்டையில் இருக்கும். வாக்கியம் உங்களுடையதாக வரும். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். கோப்பைக் கொடுத்தவருக்கும் பல கல்லூரிகளில் வாங்கியவருக்குச் சமமான தண்டனை உண்டு. 'சும்மா பாத்துக்கோ' என்று அனுப்பிய அந்தத் தோழன் தன்னையும் மாட்டிவிட்டுக்கொள்கிறான்.

எழுத்துத் திருட்டு என்னும் பழைய சங்கதி

கிபி முதல் நூற்றாண்டில் ரோம் நகரில் மார்ஷல் என்று ஒரு கவிஞர் இருந்தார். தன் கவிதைகளை வேறொருவர் சொந்தக் கவிதைபோலப் படித்துக் காட்டுகிறார் என்று தெரிந்ததும், அவரைப் பிளேஜியாரியஸ் என்று திட்டி எழுதினார். அடுத்தவரின் அடிமையையோ பிள்ளையையோ கடத்திச் செல்பவன் என்பது அந்தச் சொல்லின் பொருள். எழுத்துத் திருட்டைக் குறிக்க இன்று நாம் சொல்லும் பிளேஜியரிசம் அதிலிருந்து வந்ததுதான். என் கவிதை என் பிள்ளை, அதைக் கடத்திவிட்டாயே என்ற ஆத்திரம் அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது.

கல்லூரியில் நடப்பதோ பெரும்பாலும் இத்தனை துணிகரமான கடத்தல் இல்லை. நான் முதலாண்டில் செய்த கூத்தைச் சொல்கிறேன். நூலகத்தில் உட்கார்ந்து நான்கு புத்தகங்களிலிருந்து பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்தேன். எது புத்தகத்தின் வாக்கியம், எது என் எண்ணம் என்று ஒரு அடையாளமும் போடவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கட்டுரை எழுதினேன். எல்லாம் என் கையெழுத்து. ஆகவே எல்லாம் என் எழுத்து என்றே நினைத்துவிட்டேன். திரும்பி வந்த தாளில் ஆசிரியர் ஒரு பத்தியை மட்டும் கோடிட்டு, 'இது யார் குரல்?' என்று எழுதியிருந்தார். உண்மையில் எனக்கே தெரியவில்லை. அந்த நாலு புத்தகங்களில் எதிலிருந்து வந்தது என்று தேட ஒரு முழு நாள் ஆயிற்று.

இதே சாக்கைப் பெரிய இடத்திலும் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்ல்-தியோடோர் சூ குட்டன்பெர்க்கின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்து சான்று இல்லாமல் கலந்திருப்பது 2011 பிப்ரவரியில் வெளிவந்தது. தன்னார்வலர்கள் இணையத்தில் கூடி, பக்கம் பக்கமாக எது எங்கிருந்து வந்தது என்று பட்டியல் போட்டார்கள். பல ஆண்டுகள் வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே எழுதியதில் எது எங்கிருந்து வந்தது என்ற கணக்கு தவறிவிட்டது என்பது அவர் தரப்பு. பட்டம் கொடுத்த பைராய்ட் பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. தெரிந்தே செய்தது என்று முடிவு சொன்னது. அதற்குள் பட்டமும் பதவியும் போய்விட்டன. அடுத்த ஆண்டு ஹங்கேரியின் குடியரசுத் தலைவர் பால் ஷ்மிட் இதே காரணத்துக்காகப் பதவி விலகினார். அவர் ஆய்வேட்டைக் கொடுத்தது 1992-ல். இருபது ஆண்டு கழித்தும் காகிதம் பேசுகிறது.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதன் பிறகு நான் கைக்கொண்ட வழி மிகச் சாதாரணமானது. புத்தகத்தில் உள்ளபடியே எழுதினால் மேற்கோள் குறி போட்டுப் பக்க எண்ணைப் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். என் எண்ணம் என்றால் வேறு மையில் எழுதுவேன். குறிப்பு எடுக்கத் தொடங்கும் முன் தாளின் தலையில் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம். ஐந்து நிமிட வேலை. கடைசி இரவில் அது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வார்த்தையை மாற்றினால் போதாதா?

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு நூலில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (எடுத்துக்காட்டுக்காக நான் எழுதியது):

'தூக்கம் குறையும்போது, புதிதாகக் கற்றதை நினைவில் பதித்துக்கொள்ளும் திறன் மூளைக்குக் குறைகிறது. ஆகவே தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்துப் படிப்பது எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை.'

மாணவர் இதை இப்படி மாற்றுகிறார்: 'உறக்கம் குறைகிறபோது, புதியதாகப் படித்ததை ஞாபகத்தில் பதியவைக்கும் ஆற்றல் மூளைக்குக் குறைகிறது. எனவே பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுக்கக் கண்விழித்துப் படிப்பது நினைத்த பயனைத் தருவதில்லை.'

தூக்கம் உறக்கமாயிற்று, தேர்வு பரீட்சையாயிற்று. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. இதை ஒட்டுப்போட்ட எழுத்து என்று சொல்லலாம். கீழே நூலின் பெயரைக் குறிப்பிட்டாலும் இது சிக்கல்தான், ஏனென்றால் வாக்கியம் உங்களுடையது என்று படிப்பவர் நம்புகிறார்.

சரி, எப்படி எழுதுவது? புத்தகத்தை மூடிவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு வாயால் சொல்வதுபோல அந்தக் கருத்தைச் சொல்லிப் பாருங்கள். பிறகு எழுதுங்கள். 'ராத்திரி முழுக்கக் கண்விழிப்பதைக் கடின உழைப்பு என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். படித்தது தங்குவதற்கே தூக்கம் தேவைப்படுவதால், அந்த உழைப்பில் ஒரு பகுதி வீணாகிறது என்கிறார் நூலாசிரியர்' என்பதுபோல ஏதாவது வரும். கடைசியில் பெயர், ஆண்டு, பக்கம். புத்தகத்தை மூடியதும் ஒன்றும் வரவில்லையா? அப்படியானால் இன்னும் புரியவில்லை என்று பொருள்; திரும்பவும் படியுங்கள்.

இப்படி மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பார்த்து எழுதுகிறவருக்கு விடை கிடைக்கிறது. மண்டையில் தங்குகிற வேலை மட்டும் நடப்பதில்லை.

தாய்மொழியில் படித்துவிட்டு வேறொரு மொழியில் எழுத வேண்டி வருகிறவர்களுக்கு இந்த ஒட்டுப்போடும் பழக்கம் எளிதில் தொற்றிக்கொள்ளும். புத்தகத்தின் வாக்கியம் நம்முடையதைவிட நன்றாக இருக்கிறதே என்ற தாழ்வு மனப்பான்மை அதற்குக் காரணம். அவர்களுக்கு நான் சொல்வது: முதல் வரைவை உங்களுக்கு வாகான மொழியில் எழுதுங்கள், கருத்து உங்களுடையதாக உறைந்துவிடும். பிறகு அந்த மொழிக்குக் கொண்டுபோங்கள். இலக்கணம் சற்றுத் தடுமாறினாலும் பரவாயில்லை. திருடிய நல்ல வாக்கியத்தைவிடத் தடுமாறும் சொந்த வாக்கியத்தைத் திருத்திக் கொடுப்பது ஆசிரியருக்கு எளிது.

எழுதித் தரும் கடைகளும் செயலிகளும்

காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தரும் நிறுவனங்கள் இணையத்தில் நிறைய உண்டு. ஆஸ்திரேலியா 2020-லும் இங்கிலாந்து 2022-லும் சட்டம் போட்டு இந்தத் தொழிலைத் தடைசெய்தன. இந்த நிறுவனங்களிடம் கட்டுரை வாங்குகிற மாணவருக்கு மதிப்பெண்ணைத் தாண்டிய ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. உங்கள் பெயர், கல்லூரி, பாடம் எல்லாம் அவர்கள் கையில். பணம் கொடுக்காவிட்டால் கல்லூரிக்குச் சொல்லிவிடுவோம் என்று பிறகு மிரட்டிப் பறிப்பதும் நடக்கிறது.

செயற்கை நுண்ணறிவு விஷயம் இன்னும் கலங்கலாகவே இருக்கிறது. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் கடைசியில். அதன் பிறகு கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதி போட்டிருக்கின்றன. ஒரே கல்லூரியில் இரண்டு ஆசிரியர்களுக்கு இரண்டு விதி. ஆகவே பொதுவாகக் கூடுமா கூடாதா என்று கேட்பதில் பயனில்லை. இந்த ஆசிரியர், இந்த அசைன்மென்ட்டில் எதற்கெல்லாம் அனுமதிக்கிறார் என்று கேளுங்கள்: யோசனை பெறவா, எழுத்துப் பிழை திருத்தவா, எழுதவேவா? முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்தினால், எதற்குப் பயன்படுத்தினேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அது தரும் சான்றுகளை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இல்லாத நூலையும் இல்லாத ஆய்வுக் கட்டுரையையும் பெயர், ஆண்டு, பக்கம் சகிதமாகக் கற்பனை செய்து கொடுக்கும். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி புனைந்து கொடுத்த, இல்லவே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி அபராதம் கட்டினார்கள்.

நேர்மையாக எழுதியும் சந்தேகம் வந்தால்?

இதைப் பற்றி நமக்குச் சொல்லித் தருவார் இல்லை, ஆனால் நடக்கிறது. ஒப்புமை பார்க்கும் மென்பொருள் ஒரு சதவீதத்தைக் காட்டும். அது திருட்டின் சதவீதம் இல்லை. முறையாகக் கொடுத்த மேற்கோளும், பின்னால் உள்ள நூல்பட்டியலும், எல்லோரும் எழுதுகிற வழக்கமான தொடர்களும் அதில் சேர்ந்துவிடலாம். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் போட்ட விதியும் 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்றே சொல்கிறது. எண்ணைப் பார்த்து முடிவு கட்டாமல், எந்த வரி எதோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் முறை.

இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளின் கதை இன்னும் மோசம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அவற்றில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியதாக அவை சொல்லிவிட்டன. எளிய சொற்களில், ஒரே மாதிரி வாக்கியங்களில் எழுதினால் இந்தக் கருவிகளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் உங்களுக்குத் துணை நிற்பது உங்கள் அழுக்கு வரைவுகள்தான். அடித்துத் திருத்திய தாள், குறிப்பு நோட்டு, கணினியில் பழைய வடிவங்களைக் காட்டும் வரலாறு எதையும் மதிப்பெண் வரும்வரை அழிக்காதீர்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால், குற்றச்சாட்டு என்ன, ஆதாரம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். கூட ஒருவரை அழைத்துவர அனுமதி உண்டா என்று பாருங்கள். பயத்தில் ஒரு பொய்யைச் சொல்லி வைக்காதீர்கள். முதல் தவறைவிட அந்தப் பொய் அதிகம் உறுத்தும். உண்மையிலேயே தவறு செய்திருந்தால் முதல் சந்திப்பிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

மறுபடியும் 11.30

கல்லூரி முதலாண்டு ஒரு வினோதமான காலம். பள்ளியில் தினமும் யாராவது நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. தேதியை ஒரு முறை சொல்வார்கள். அதற்குப் பிறகு அது உங்கள் பாடு. ஐந்து பாடத்தின் கடைசித் தேதியும் ஒரே வாரத்தில் வந்து விழும். வீட்டு நினைவு, பகுதிநேர வேலை, அறைத் தோழரோடு சண்டை எல்லாம் அதே வாரத்தில்தான் வரும். செமஸ்டர் தொடங்கியதுமே எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்னதாக ஒரு பொய்த் தேதி குறித்து வைத்துக்கொள்வது எனக்குப் பலித்தது. பத்து நாள் இருக்கும்போது 'புரியவில்லை' என்று கேட்டால் அது சந்தேகம். பத்து மணி நேரம் இருக்கும்போது கேட்டால் அது சாக்கு.

அப்படியும் ஒரு நாள் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டியிருக்கிறேன். அப்போது செய்யக்கூடியது ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவது. நீளம் வேண்டாம்; பாட்டியைச் சாகடிக்கவும் வேண்டாம். 'கட்டுரையை நாளை காலைக்குள் முடிக்க முடியவில்லை. நேரத்தைச் சரியாகத் திட்டமிடவில்லை, தவறு என்னுடையது. இரண்டு நாள் அவகாசம் கிடைக்குமா? தாமதத்துக்கு மதிப்பெண் குறைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.' நான்கு வரி. சிலர் தருவார்கள், சிலர் மறுப்பார்கள், சிலர் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிட்டு வாங்கிக்கொள்வார்கள். அனுப்பும்போது அந்த ஒன்றரைப் பத்தியையும் இணைத்துவிடுங்கள்.